எண்பதுகளுக்கு மேலே ஒரு கமா: பழைய மாணவர் சட்டைக்கு முன் நடந்த பஞ்சாயத்து

தக்கலைப் பக்கம் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தில் பழைய மாணவர் கூடுகை. 1980 முதல் 1989 வரை பத்தாம் வகுப்பு முடித்த எல்லாருக்கும் சேர்த்து ஒரே நாள். பந்தியில் கடைசியாக அடைப்பிரதமனா, சிறுபயறுப் பாயசமா என்பதிலேயே நட்பு முறியும் என்று பயந்திருந்தேன். அது பத்து நிமிடத்தில் தீர்ந்தது, இரண்டும் வைப்பது என்று. தீராமல் நின்றது டி-ஷர்ட்டின் நெஞ்சில் வர வேண்டிய ஒரே ஒரு வரி.

வடசேரியில் ஒரு டிடிபி கடையில் மாதிரி அடித்துக் காட்டினார்கள். பள்ளியின் பெயர், அதற்குக் கீழே "1980’ஸ் பேட்ச்". சட்டையில் ஆங்கிலத்தில்தான் வரப்போகிறது. இங்கே எஸ் எழுத்து நிற்கும் இடத்தில் "ஸ்" போட்டுக் காட்டுகிறேன். பார்க்க வேண்டியது பூஜ்யத்துக்கும் எஸ்ஸுக்கும் நடுவில், மேலே தொங்குகிற அந்தச் சின்னக் கமாவை. பள்ளியில் அதற்கு அப்பாஸ்ட்ரபி என்று பெயர். கடைக்காரப் பையனுக்கு அது "மேல உள்ள கமா".

துபாயிலிருந்து விடுப்பில் வந்திருந்த நண்பன் பார்த்ததும், "இது தப்புடே, அந்தக் கமாவ எடு" என்றான். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி, "எடுத்தா மொட்டையா நிக்கும்லா" என்றார். கடைசியில் சாரிடம் போனோம். எண்பதுகளில் எங்களுக்கு ஆங்கிலம் எடுத்த அவருக்கு இப்போது வயதும் எண்பதைத் தாண்டிவிட்டது. மாதிரியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, "கமா இருக்கணும். நான் அப்படித்தான் உங்களுக்குச் சொல்லித் தந்தேன்" என்றார்.

அவரை மறுத்துப் பேச எங்களில் யாருக்கும் இன்றைக்கும் தைரியம் கிடையாது. அதனால் முடிவெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஆண்டு மலரையும் நானே தொகுப்பதால், சட்டைக்கு, மலருக்கு, பள்ளிக்குக் கொடுக்கும் பித்தளைத் தகட்டுக்கு என்று மூன்றுக்கும் சேர்த்தே யோசிக்க வேண்டியிருந்தது. இதேபோல் கூடுகையோ கல்வெட்டோ வைத்திருப்பவர்களுக்கு உதவட்டும் என்று நான் எடைபோட்டதை எழுதுகிறேன்.

முதலில் சாரின் கட்சி, அதாவது 1980’ஸ்.

இதைத் தப்பு என்று ஒரே வார்த்தையில் தள்ளுகிறவர்கள் பழைய அச்சுப் புத்தகங்களைப் பார்க்காதவர்கள். அப்பாஸ்ட்ரபி ஆங்கிலத்துக்குள் வந்தது 16-ஆம் நூற்றாண்டில். கிரேக்கத்தில் அந்தச் சொல்லுக்கு விலகித் திரும்புதல் என்று பொருள்; ஒரு எழுத்து விலகிப்போன இடத்தைக் காட்டவே அது வந்தது. ஆனால் வந்த வேலையோடு நிற்கவில்லை. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில், ஓபரா, கமா மாதிரி உயிரோசையில் முடிகிற வெளிமொழிச் சொற்களைப் பன்மையாக்க நடுவில் இந்தக் குறியைப் போடுவது நல்ல படிப்பாளிகளிடமே வழக்கமாக இருந்தது. அந்த வழக்கம் பின்னால் சொற்களிலிருந்து கழன்று, எண்களிலும் எழுத்துச் சுருக்கங்களிலும் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் பல பத்தாண்டுகள் 1980’ஸ் என்றே அச்சிட்டது. டிவி’ஸ் என்றும் போட்டது. அதற்கு அவர்கள் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது: அவர்களுடைய தலைப்புகளில் எல்லா எழுத்தும் பெரிய எழுத்தாக வரும். நடுவில் குறி இல்லாவிட்டால் பன்மையின் எஸ்ஸும் சுருக்கத்தின் ஓர் எழுத்துபோல ஒட்டிக்கொள்ளும்.

இது அமெரிக்கக் கதை மட்டும் அல்ல என்பது வடசேரிக் கடையிலேயே தெரிந்தது. கல்லூரிச் சட்டைகளில் வருமே, கட்டம் கட்டமான தடித்த பெரிய எழுத்து, அதில்தான் எங்கள் மாதிரி இருந்தது. துபாய்க்காரன் சொல்படி கமாவை எடுத்துவிட்டு ஒரு மாதிரி அடிக்கச் சொன்னேன். வந்து நின்றது 19805. எஸ் அப்படியே ஐந்தாகத் தெரிந்தது. அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி, "இதென்ன, பின்கோடா?" என்று கேட்டார். பின்கோடுக்கு ஆறு இலக்கம் வேண்டும் என்று துபாய்க்காரன் விளக்கம் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

ஆக, சாரின் கட்சிக்கு வரலாறும் உண்டு, கண்ணுக்குத் தெரிகிற ஒரு காரணமும் உண்டு. விழுகிற இடம் வேறு. ஆங்கிலத்தில் இதே குறி உடைமையையும் காட்டும். 1980’ஸ் என்றால் "எண்பதுகள்" என்றும் படிக்கலாம், "1980-ஆம் ஆண்டினுடைய" என்றும் படிக்கலாம். சட்டையில் இது தொல்லை இல்லை. மலரில் தொல்லை. பழைய தலைமையாசிரியர்களைப் பற்றிய பக்கத்தில் "1980’ஸ் ஹெட்மாஸ்டர்" என்று ஒரு வரி வந்திருந்தது. எழுதியவர் சொல்ல வந்தது அந்த ஓர் ஆண்டு மட்டும் பொறுப்பில் இருந்தவரை. அடுத்த பக்கத்தில் அதே 1980’ஸ், பத்து ஆண்டுக்கும் சேர்த்து. இரண்டு பக்கத்தையும் படிக்கிற ஆள் எதை எதென்று எடுப்பான்?

அடுத்தது குறியே இல்லாத 1980ஸ். இன்றைய ஆங்கிலப் பதிப்புலகம் பெரும்பாலும் இதன் பக்கம்தான். அச்சுக்கு எப்படி எழுதுவது என்று வழிகாட்டும் சிகாகோ நடைக் கையேடும், செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ்ஸின் கையேடும் இதையே சொல்கின்றன. நியூயார்க் டைம்ஸும் பிற்பாடு தன் பழைய வழக்கத்தை விட்டு இதற்கு வந்துவிட்டது. இதன் நியாயம் நேரானது: பன்மையில் எந்த எழுத்தும் விலகவில்லை, யாருடைய உடைமையும் பேசப்படவில்லை, பிறகு குறிக்கு அங்கே என்ன வேலை? உடைமைக் குறிகூட ஆதியில் விலகலைக் காட்டியதுதான். பழைய ஆங்கிலத்தில் உடைமைக்கு எஸ்ஸுக்கு முன்னால் ஈ என்ற எழுத்தும் உண்டு. அந்த ஈ உதிர்ந்த இடத்தில் இந்தக் குறி வந்து உட்கார்ந்தது.

எனக்கு இந்த வாதம் ஒத்துவருகிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: 1980ஸ் என்று எழுத முடிவெடுத்தால், எஸ்ஸைச் சின்ன எழுத்தாகப் போட்டே ஆக வேண்டும். எண்களைவிட உயரம் குறைந்த எஸ் வந்ததும் எங்கள் மாதிரியில் ஐந்து ஓடிப்போனது. வரி முழுவதும் பெரிய எழுத்தில்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறவர்களுக்கு, எஸ்ஸை மட்டும் முக்கால் உயரத்துக்குக் குறைக்கச் சொல்வேன். கடையில் அரை நிமிட வேலை.

குறியே எங்கும் வேண்டாம் என்று இதை இன்னும் நீட்டக்கூடாது. ஆங்கிலச் சின்ன எழுத்தில் ஐ பக்கத்தில் எஸ் போட்டால் "இஸ்" என்று படிக்கத் தோன்றும். யு பக்கத்தில் போட்டால் "அஸ்". தனி எழுத்தின் பன்மைக்கு மட்டும் அப்பாஸ்ட்ரபியை அனுமதிப்பது அதனால்தான்; சிகாகோக் கையேடே சின்ன எழுத்துகளுக்கு அதைப் போடச் சொல்கிறது. அசோசியேட்டட் பிரஸ் பெரிய எழுத்துக்கும் போடும். மதிப்பெண் பட்டியலில் எத்தனை "ஏ" வாங்கினோம் என்று எழுதுகிற இடத்தில் மலரில் நானும் போட்டிருக்கிறேன். துபாய்க்காரனுக்கு இதைக் காட்டியபோது, "அப்போ விதியே இல்லையா?" என்றான். விதி இருக்கிறது, படிக்கிறவன் தடுக்கி விழக்கூடாது என்பதுதான் அது என்றேன். கொஞ்சம் அதிகப்படியாகப் பேசிவிட்டேன் என்று பிறகு தோன்றியது.

மூன்றாவது, ’80ஸ். குறி முன்னால். 19 என்ற இரண்டு இலக்கம் உதிர்ந்த இடத்தில் குறி நிற்கிறது. அது பிறந்த வேலையையே செய்கிறது. இலக்கணப்படி இதைவிட ஒழுங்கானது இல்லை. சட்டைக்கு அடக்கமாகவும் இருக்கும்.

ஆனால் கணினிக்கு இது ஆகாது. எண்ணுக்கு முன்னால் அந்தக் குறியைத் தட்டியதும், மேற்கோள் ஆரம்பிக்கிறீர்கள் என்று அதுவாக முடிவுகட்டி, குறியைத் திருப்பிப் போட்டுவிடும். ’80ஸ் என்று வர வேண்டியது ‘80ஸ் என்று வரும். வாலின் வளைவைப் பாருங்கள்: முதலாவதில் ஒன்பது மாதிரி, இரண்டாவதில் ஆறு மாதிரி. உலகம் முழுக்க நல்ல நல்ல நிறுவனங்களின் விளம்பரத்திலேயே இந்தப் பிழை நிற்கிறது. தப்பிக்க எளிய வழி: எண்ணுக்கு முன்னால் ஏதாவது ஓர் எழுத்தைத் தட்டி, அதை ஒட்டிக் குறியைத் தட்டி, பிறகு அந்த எழுத்தை அழித்துவிடுங்கள். குறி ஒன்பதாகவே நிற்கும்.

கடைப் பையன் இதைச் செய்துகாட்டும்போது விசைப்பலகை தமிழில் கிடந்தது. தமிழ்99 அமைப்பில் ஆங்கில அப்பாஸ்ட்ரபி இருக்கும் விசையில் ய. எஸ் இருக்கும் விசையில் இ. இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் "யி". திரையில் 1980யி என்று விழுந்தது. அண்ணாச்சிக்கு அதுவே பிடித்துப்போய், "இதையே அடிச்சா என்ன?" என்றார்.

இன்றைய பிள்ளைகள் அதிகம் எழுதுவது 80’ஸ். இதைத் தனி வழியாக எண்ண எனக்கு மனமில்லை. 19 உதிர்ந்த இடத்தில் குறி இல்லை, எதுவும் உதிராத இடத்தில் இருக்கிறது. குடையை வீட்டுக்குள் விரித்துவிட்டு மழையில் நடக்கிற கதை. இரண்டு பக்கமும் போட்டு ’80’ஸ் என்று எழுதுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கு இரண்டு கையிலும் குடை. சட்டை வாங்குகிற கூட்டம் இளசுகள் என்றால் 80’ஸ் கிட்ஸ் என்றே அடித்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப்போவதில்லை. நாங்கள் அறுபதைத் தொட்டவர்கள். எங்களில் நாலு பேர் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். கேட்பார்கள்.

இனி தமிழ். இந்தத் தலைவலியே வேண்டாம், "எண்பதுகள்" என்று தமிழில் போட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன். தமிழில் இப்படி ஒரு பஞ்சாயத்து கிடையாது என்ற நம்பிக்கையில். ஐந்தே நிமிடம். 1980களில் என்று சேர்த்து எழுதுவதா, 1980-களில் என்று நடுவில் கோடு போடுவதா? நாளிதழ்களில் இரண்டையும் பார்க்கலாம். கோடு போடுகிறவர்களின் வாதம், அப்படியே நியூயார்க் டைம்ஸ் வாதம்: எண்ணையும் எழுத்தையும் கண் பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்குள் தமிழாசிரியையாக இருந்த எங்கள் வகுப்புத் தோழி, மலரின் முதல் பக்கத்தில் நான் போட்டிருந்த "வாழ்த்துக்கள்" மேல் விரலை வைத்தாள். க் வருமா, வராதா? வாழ்த்துகளா, வாழ்த்துக்களா? தமிழ் தெரிந்தவர்கள் நாலு பேர் சேர்ந்தால் இந்தச் சண்டை வராமல் போகாது. "எண்பதுக்கள்னு எழுதுவியா? எழுதமாட்டல்லா? பின்ன இங்க மட்டும் எதுக்கு க்?" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. எடுத்துவிட்டேன். "எழுத்துக்கள்" என்று எழுதிய பெரியவர்கள் எத்தனையோ பேர் என்று அண்ணாச்சி முனகினார். அதுவும் உண்மை.

பத்தாண்டைக் "கள்" போட்டுச் சொல்வதே நம் பேச்சில் பழைய வழக்கமாக எனக்குப் படவில்லை. என் அம்மா "எண்பதுகளில்" என்று சொல்லிக் கேட்டதே இல்லை. "ஒரு எண்பது, எண்பத்தொண்ணு இருக்கும்" என்பாள். எங்கள் குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-ஆம் தேதிதான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அதற்கு முன்னால் திருவிதாங்கூர், அங்கே கணக்கு கொல்லம் ஆண்டு. 1924-இல் திருவிதாங்கூரை மூழ்கடித்த பெருவெள்ளத்துக்குப் பெயரே "தொண்ணூற்றொன்பது வெள்ளம்". கொல்லம் 1099-ஆம் ஆண்டு அது. முன்னாலிருந்த ஆயிரத்தை அப்படியே உதிர்த்துவிட்டுச் சொன்னார்கள். உதிர்ந்த இடத்தில் எந்தக் குறியும் வைக்கவில்லை, யாருக்கும் குழப்பமும் வரவில்லை. ’80ஸ் என்பதும் இதே வேலைதான், கையில் ஒரு கமாவோடு.

பத்தாண்டுப் பெயரில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. 1980ஸ் என்றால் பத்து ஆண்டு என்று எல்லாருக்கும் தெரியும். 2000ஸ் என்றால்? 2000 முதல் 2009 வரையா, இந்த நூற்றாண்டு முழுவதுமா? குமரிமுனையில் திருவள்ளுவர் சிலை திறந்தது 2000 ஜனவரி 1. அந்தச் சிலையைப் பார்த்து வளர்ந்த பேட்ச் கூடுகை வைக்கும்போது கமாச் சண்டையோடு இதையும் சேர்த்துப் பேசட்டும்.

சங்கப் பெயர்ப்பலகை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓல்ட் ஸ்டூடன்ட்ஸ் அசோசியேஷன் என்பதில் குறியை எஸ்ஸுக்கு முன்னால் போட்டால் ஒரே ஒரு பழைய மாணவருக்காக நடக்கிற சங்கம் ஆகிவிடும். பின்னால் போட்டால் சரி. போடாமல் விட்டாலும் இன்று யாரும் குறை சொல்வதில்லை. எங்கள் பலகையில் முன்னால்தான் இருக்கிறது. சந்தா வசூலிக்க அலைகிறவர் ஒருவர்தான் என்பதால் அதுவும் பொருத்தமே.

இதையெல்லாம் தலையில் ஏற்றிக்கொண்ட பிறகு, மார்த்தாண்டம் வழியாகப் பேருந்தில் போனால் நிம்மதியாக வெளியே பார்க்க முடியாது. பேக்கரி’ஸ், டெக்ஸ்டைல்’ஸ், ஏத்தங்காய் சிப்’ஸ். எஸ் என்ற எழுத்தைக் கண்டாலே பெயின்டருக்குக் கமா போடக் கை பரபரக்கிறது. துபாய்க்காரன் ஒவ்வொன்றாகப் படித்துச் சிரித்துக்கொண்டே வந்தான். சிரிக்க ஒன்றும் இல்லை. இங்கிலாந்தில் காய்கறிக்கடைப் பலகைகளில் இதே பிழை அவ்வளவு மலிந்துபோய், "காய்கறிக்காரர் அப்பாஸ்ட்ரபி" என்றே அதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள். ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வு பெற்ற பத்திரிகையாளர் 2001-இல் இந்தக் குறியைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். 2019-இல், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லிச் சங்கத்தை மூடினார். பர்மிங்காம் மாநகராட்சி 2009-இல் தெருப்பெயர்களில் குறியே வேண்டாம் என்று அறிவித்தது. வாட்டர்ஸ்டோன்ஸ் புத்தகக் கடை 2012-இல் தன் பெயரிலிருந்தே எடுத்துவிட்டது. அமெரிக்காவில் ஊர், மலை, ஏரிப் பெயர்களை முறைப்படுத்தும் அரசு வாரியம் 1890-லிருந்தே உடைமைக் குறியை ஒதுக்கிவருகிறது; அதையும் மீறி அனுமதி வாங்கிய பெயர்கள் ஐந்தே ஐந்து. பெர்னார்ட் ஷா இந்தக் குறிகளைக் கிருமிகள் என்றே திட்டினார், தன் நாடகங்களில் முடிந்தவரை இல்லாமல் அச்சிட்டார். தாய்மொழிக்காரர்கள் நிலைமை இது. சிப்ஸ் நன்றாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும் என்று அவனிடம் சொன்னேன்.

முடிவுக்கு வந்தது இப்படி. சட்டைக்கு ’80ஸ், வால் ஒன்பது மாதிரி, எஸ் சின்ன எழுத்து. மலரின் ஆங்கிலப் பக்கங்களில் குறி இல்லாத 1980ஸ், ஒரு பக்கம் விடாமல் ஒரே மாதிரி. தமிழ்ப் பக்கங்களில் வாக்கியத்துக்குள் "எண்பதுகள்" என்று எழுத்தாலேயே. தலைப்பில் எண் வேண்டும் என்றால் 1980கள், கோடு இல்லாமல். எண்ணுக்கும் எழுத்துக்கும் நடுவில் கோடு தேவைப்படுகிற அளவுக்குத் தமிழ் எழுத்து இந்த எண்களோடு குழம்பாது என்பது என் எண்ணம். க ஐந்து மாதிரி இருக்காது. ஆண்டோடு வேற்றுமை உருபு சேரும்போது மட்டும் எனக்குக் கோடு போட்டுப் பழகிவிட்டது, இந்தக் கட்டுரையிலேயே பார்த்திருப்பீர்கள்.

பித்தளைத் தகட்டில்தான் நான் எதிர்பாராத வழி வந்தது. செதுக்குகிறவர் எல்லா மாதிரியையும் பார்த்துவிட்டு, "இந்தக் கமா இத்தன சிறுசா இருந்தா பாலிஷ் போடப் போட அழிஞ்சிரும் சார். 1980, ஒரு கோடு, 1989 போட்டிருங்க" என்றார். எஸ்ஸும் இல்லை, கமாவும் இல்லை, ஆங்கிலமும் இல்லை, தமிழும் இல்லை. சாரும் சரி என்றார், துபாய்க்காரனும் சரி என்றான். நிரந்தரமாக நிற்கப்போகிற பொருளுக்கு இதைத்தான் நான் முதலில் சொல்வேன். சட்டைக்கு இது சரிவராது. நெஞ்சில் இரண்டு ஆண்டும் நடுவில் கோடும் போட்டால், பார்க்கிறவர்களுக்குத் தோன்றுவது வேறு. அண்ணாச்சி அதைச் சொல்லியே சிரித்தார், இறந்தவர் படத்துக்குக் கீழே போடுவதுபோல் இருக்கிறதாம்.

மிச்சம் சாரின் கட்டுரை. மலருக்காக நாலு பக்கம் கைப்பட எழுதித் தந்தார், ஆங்கிலத்தில், சாய்வில்லாத அதே கையெழுத்து. எங்கள் கட்டுரை நோட்டில் சிவப்பு மையில் பார்த்த எழுத்து. அதில் ஏழு இடத்தில் 1980’ஸ். தட்டச்சு செய்த பெண் பிள்ளை மற்ற பக்கங்களைப் பார்த்து ஏழையும் திருத்தி வைத்திருந்தாள். ஒவ்வொன்றாகத் தேடி ஏழு கமாவையும் திரும்பப் போட்டேன்.